கடமையும் கடவுளும்: இம்மானுவேல் காண்ட்

ஒருவன் நல்லவனாக வாழக் கடவுள் நம்பிக்கை தேவையா? இக்கேள்வியோடு நெடுங்காலம் போராடிய பேரறிஞர் இம்மானுவேல் காண்ட். மெய்யியல் பயிலும் குருமட மாணவர்கள் அவரை மறுத்துரைக்கப்பட வேண்டியவராகவே பெரும்பாலும் சந்திப்பர். ஆயினும் அவரது வாழ்வை நாம் அறிந்திருத்தல் நன்று.

1724ஆம் ஆண்டு சித்திரை 22ஆம் நாள், பிரஷ்யா நாட்டின் கோனிக்ஸ்பேர்க் நகரிலே, குதிரைகளுக்குத் தோல்வார் செய்யும் எளிய தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். லூத்தரன் சபையைச் சேர்ந்த அவரது அன்னை பக்தி மிக்கவர். மகனை வயல்வெளிக்கு அழைத்துச் சென்று படைப்பின் வழியாகப் படைத்தவரைக் காட்டியவர். மகனுக்குப் பதின்மூன்று வயதானபோது அவர் காலமானார். பள்ளியிலோ கண்டிப்பும் கட்டாய செபமும் மிகுந்திருந்தன. அன்னையின் பக்தியை இறுதிவரை போற்றிய காண்ட், பள்ளியின் பக்தியை வெறுத்தார்.

1770இல் பேராசிரியரானார். கடவுள் உண்டென்பதை வெறும் அறிவால் நிரூபிக்க இயலாதென 1781இல் எழுதினார். திருச்சபை இதனை ஏற்கவில்லை. 1827இல் அந்நூல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பட்டியல் 1966இல் வழக்கொழிந்தது.

1785இல் ஒழுக்கத்தைப் பற்றி எழுதினார். சிறுபிள்ளை வந்தாலும் கூடுதல் விலை கேட்காத கடைக்காரர், வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயத்தால் அப்படிச் செய்தால் அதில் அறம் இல்லை என்றார். தண்டனைக்கு அஞ்சியோ சன்மானத்தை நாடியோ அல்ல, கடமை என்பதற்காகவே நன்மை செய்ய வேண்டும். அக்கடமையைப் பகுத்தறிவே உணர்த்தும் என்பது அவர் முடிவு. அப்படியானால் கடவுள் எதற்கு? நீதிமான் துன்புறும் இவ்வுலகில் நன்மையும் இன்பமும் ஒன்றுசேர்வதில்லை. அவற்றை இணைக்கும் இறைவனையும் அழியாத ஆன்மாவையும் நம்பியே ஆகவேண்டும் என 1788இல் எழுதினார். அறத்தின் வாசலில் அவர் வைக்காத இறைவனை அதன் முடிவிலே கண்டார்.

1793இல் சமயத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூலால் மன்னன் இரண்டாம் பிரடெரிக் வில்லியம் சினங்கொண்டு, அடுத்த ஆண்டு கண்டித்தான். எழுபது வயதுக் கிழவர், மன்னனின் குடிமகன் என்ற முறையில் இனிச் சமயம் பற்றி எழுதுவதில்லை என வாக்களித்தார். 1797இல் மன்னன் இறக்கும்வரை அவ்வாக்கைக் காத்தார். மறுவருடம் மீண்டும் எழுதினார். இதைத் தந்திரம் என்பாரும் உளர். 1804 மாசி 12இல் மறைந்தார்.

மறைநூல் அறியாதோரின் இதயத்திலும் நீதிச்சட்டம் எழுதப்பட்டிருப்பதாகப் புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதினார். இயற்கைச் சட்டம் பற்றிப் புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்ததும் இதுவே. ஆதலால் கோவிலுக்குப் போகாத அயலவர் நேர்மையாய் நடப்பதைக் கண்டு நாம் வியக்கத் தேவையில்லை. அவர் உள்ளத்தில் எழுதிய கரம் எதுவென்று நாம் அறிவோம். ஆனால் கடமையில் தவறியவனைக் கடமை மன்னிக்காது. அவனுக்குத் தந்தை ஒருவர் வேண்டும். காண்டின் நூல்களில் சட்டத்தின் குரல் உரத்துக் கேட்கிறது. அத்தந்தையின் குரல் மெலிந்தே ஒலிக்கிறது.

பெற்றோரே, நம் பிள்ளைகள் பொய் சொல்லாதிருப்பது பிரம்புக்குப் பயந்தா, உண்மையை நேசித்தா? இக்கேள்வியையேனும் காண்டிடமிருந்து நாம் பெற்றுக்கொள்ளலாம்.