ஏரித் தண்ணியில எரிஞ்ச பல்பு

வீட்டுல சொன்னாங்கன்னு ஒரு படிப்புல சேர்ந்துட்டு, மனசு முழுக்க வேற எங்கேயோ இருக்கிற ஆளா நீங்க? அப்போ வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கைத் தெரிஞ்சுக்கணும். (நிலாவுக்குப் போனவர் இல்லீங்க, அவர் நீல்.) 1810-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். அப்பா விருப்பப்படி சட்டம் படித்து, பத்து வருஷத்துக்கு மேல வக்கீலா இருந்தார்.

ஒருமுறை மீன் பிடிக்கப் போன இடத்தில், ஒரு கல்குவாரியின் நீர்ச்சக்கரத்தைப் பார்த்தார். விழுகிற தண்ணீரின் சக்தியில் பெரும்பகுதி வீணாப் போகுதேன்னு உறுத்தியது. தண்ணீர் அழுத்தத்தில் இயங்கும் கிரேனை உருவாக்கினார். 1847-ல் எல்ஸ்விக்கில் தொழிற்சாலை தொடங்கினார். வக்கீல் கோட்டுக்கு அதோட விடுதலை!

1863-ல், நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும் என்று விஞ்ஞானிகள் கூட்டத்தில் எச்சரித்தார். அதே வருஷம் நார்தம்பர்லாந்தில், பாறைச் சரிவு ஒன்றில் சின்னதா ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். பேரு கிராக்சைடு. 1869 முதல் நார்மன் ஷா என்ற கட்டிடக் கலைஞர் அதைப் பெருக்கிக்கொண்டே போனார். கூரான கூரைகள், உயரமான புகைபோக்கிகள், மரச்சட்டம் தெரியும் சுவர்கள்னு, பார்க்க ஏதோ பழைய கோட்டை மாதிரி இருக்கும். ஆனா உள்ளே முழுக்க நம்ம சப்ஜெக்ட்!

ஓடைகளை மறித்து ஏரிகள் அமைத்தார். லிஃப்ட் ஓடியது தண்ணீரில். சமையலறையில் இறைச்சிக் கம்பி சுழன்றதும் தண்ணீரில். 1878-ல் டெப்டன் ஏரித் தண்ணீர் டர்பைனைச் சுற்ற, ஒரு கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து ஓவிய அறையில் ஆர்க் விளக்கு எரிந்தது. 1880-ல் ஜோசப் ஸ்வானின் பல்புகளும் வந்துவிட்டன.

எனக்குப் பிடிச்சது நூலக விளக்குதான். செம்பு ஜாடி மேல பல்பு, ஜாடியே மின்கடத்தி. அடியில் பாதரசக் கிண்ணம். ஜாடியைத் தூக்கினா அணையும், வெச்சா எரியும். சுவிட்சுக்கு என்ன ஒரு யோசனை பாருங்க! (பாதரசம், அதனால ஹாஸ்டல்ல முயற்சி பண்ணாதீங்க.)

ஒண்ணை மட்டும் மறைக்க முடியாது. இவருடைய கம்பெனி பீரங்கியும் செய்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்புக்கும் விற்றது. இவ்வளவு அழகான வீட்டுக்குள்ள அந்தக் காசும் இருக்குங்கிறது எனக்கு இன்னமும் உறுத்துது.

1900 டிசம்பரில், 90 வயதில், அந்த வீட்டிலேயே இறந்தார். குழந்தைகள் கிடையாது. இப்போ கிராக்சைடை நேஷனல் டிரஸ்ட் பராமரிக்குது. 2014-ல் டம்பிள்டன் ஏரிக்கரையில் ஆர்க்கிமிடிஸ் திருகு ஒன்றைப் பொருத்தினாங்க. ஏரித் தண்ணீர் அதைச் சுற்ற, வீட்டில் மறுபடி விளக்கு எரியுது.