சென்னை மேடை ஏறிய முகமது அலி: டாக்டர் பேச்சைக் கேட்காத குத்துச்சண்டை மன்னன்

நங்கநல்லூரில் நேரு ஸ்டேடியத்துக்கு வழி கேட்டால் சின்னப் பையன்கூடச் சொல்வான். பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, பொடிநடையாகப் போனால் ஸ்டேடியம்.

அங்கேதான் 1980-ம் ஆண்டு தொடக்கத்தில் முகமது அலி கையுறை மாட்டி மேடை ஏறினார்! முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். விழாவில் கலந்துகொண்டார். எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் ஊர்க்காரர், இளவயதுத் தோழர், அவரும் முன்னாள் சாம்பியன். நிஜச் சண்டை அல்ல, காட்சிப் போட்டிதான்.

வடசென்னை ஜனங்களுக்குச் சொல்லவா வேண்டும்? சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பிரித்து மோதின ஊர். துறைமுகத்திலும் மில்லிலும் உடம்பு நோக உழைத்தவர்களுக்குக் குத்துச்சண்டை வெறும் விளையாட்டு இல்லை, மானப் பிரச்சினை. 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படம் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். கோவிலும் கச்சேரியுமாக இருக்கிற நங்கநல்லூர் பக்கம் அந்தச் சூடு குறைவு. ஆனாலும் அலி பெயர் தெரியாதவர் இங்கேயும் உண்டா என்ன?

சைக்கிள் திருட்டு

அமெரிக்காவில் லூயிவில் நகரில் 1942 ஜனவரி 17-ந்தேதி பிறந்தவர் அலி. பெற்றோர் வைத்த பெயர் காசியஸ் கிளே. கறுப்பருக்குப் பல ஓட்டல்களில் இடம் கிடையாது என்று இருந்த காலம்.

12 வயதில் அவருடைய சைக்கிள் திருட்டுப் போனது. திருடனை உதைக்கப் போவதாக ஒரு போலீஸ்காரரிடம் குதித்தான் பையன். அந்தப் போலீஸ்காரர் ஜோ மார்ட்டின், குத்துச்சண்டை பயிற்சியாளரும்கூட. முதலில் குத்தக் கற்றுக்கொள்ளச் சொல்லி, தன்னிடமே சேர்த்துக்கொண்டார்.

1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம். 1964-ல் சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து 22 வயதில் உலக சாம்பியன். அதை அடுத்து முகமது அலி என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

1967-ல் வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர அழைத்தார்கள். அலி மறுத்துவிட்டார். சும்மா விடுவார்களா? பட்டம் பறிபோனது. 5 வருஷ ஜெயில் தண்டனை, 10 ஆயிரம் டாலர் அபராதம். அப்பீல் நடந்ததால் ஜெயிலுக்குப் போகவில்லை. 1971-ல் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது. ஆனால் இளமையின் பொன்னான 3½ வருஷம் சண்டை போட முடியாமலே போயிற்று. கறுப்பின மக்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது பட்டத்துக்காக மட்டும் அல்ல, இதற்காகவும்தான்.

வாங்கிய அடி

வாலிபத்தில் அலி மேல் அடி விழுவதே அபூர்வம். கால் அப்படி ஓடும்! திரும்பி வந்தபோது அந்த வேகம் இல்லை. அடியைத் தாங்கி ஜெயிக்கும் வழிக்குப் போனார். 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்தபடி ஜார்ஜ் போர்மன் விட்ட குத்தை எல்லாம் வாங்கி, அவர் களைத்ததும் 8-வது ரவுண்டில் வீழ்த்தினார். உலகமே கைதட்டியது. மறு ஆண்டு மணிலாவில் ஜோ பிரேசியருடன் 14 ரவுண்டு கொடூர மோதல். அதிலும் வெற்றி. போதாக்குறைக்கு, பயிற்சியிலும் உடம்பு உரம் ஏறட்டும் என்று கூட ஆடுகிறவர்களைத் தன்னை அடிக்கவிட்டார்.

1977-ல் எர்னி ஷேவர்சுடன் 15 ரவுண்டு. அதன்பின் அலியின் டாக்டர் பெர்டி பச்சேகோ பயந்துவிட்டார். சிறுநீரகம் கெட்டு வருவதாகப் பரிசோதனையில் தெரிந்தது. சண்டையை நிறுத்தும்படி அலிக்கும், அவர் மனைவிக்கும், மானேஜருக்கும் எழுதினார். பதில் இல்லை. டாக்டர் விலகிக்கொண்டார்.

ஒருவழியாக 1979-ல் அலி ஓய்வு அறிவித்தார். சென்னை வந்தது இதற்குப் பிறகுதான். அந்த இந்தியப் பயணத்தின் நடுவே ஜனாதிபதி கார்ட்டர் கேட்டுக்கொண்டதால், மாஸ்கோ ஒலிம்பிக் புறக்கணிப்புக்கு ஆதரவு தேடி ஆப்பிரிக்காவுக்குப் பறந்தார். தூது பலிக்கவில்லை.

சென்னைக் காட்சிப் போட்டியோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அதே வருஷம் மேயோ கிளினிக்கில் சோதித்தபோது, ஒற்றைக்காலில் குதிப்பதில் தடுமாற்றம், விரலால் மூக்கைத் தொடுவதில் பிசகு. அப்படியும் அனுமதி கொடுத்தார்கள்! அக்டோபர் 2-ந்தேதி, ஒருகாலத்தில் பயிற்சிக்குக் கூட ஆடிய லாரி ஹோம்சிடம் ஒரு ரவுண்டுகூட எடுக்க முடியாமல் அடி வாங்கினார். 10-வது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளரே நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதுவிட்டார். 1981-ல் இன்னொரு சண்டை, இன்னொரு தோல்வி. மொத்தம் 61 சண்டை, 56 வெற்றி.

1984-ல், 42 வயதில், பார்க்கின்சன் பாதிப்பு என்று டாக்டர்கள் சொன்னார்கள். குத்துகள்தான் காரணமா, இளவயதிலேயே வருகிற வேறு வகையா என்பதில் டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. 1928-லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் இதை எழுதிவைத்தார். கையுறை காப்பாற்றுவது குத்துகிறவர் விரல் எலும்பை. மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுக்காது. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள், மூட்டை குத்துவதையும் கயிறு தாண்டுவதையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தலையில் அடி விழ விடுகிறார்களா, விழுந்தால் எத்தனை நாள் ஓய்வு தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சென்னை மேடையில் எதிரே நின்ற எல்லிஸ், பயிற்சியில் இடது கண்ணில் பட்ட அடியால் 1975-லேயே நிஜச் சண்டையை விட்டவர். பிற்காலத்தில் அவருக்கு நினைவும் தப்பியது. 2014-ல் காலமானார்.

1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் கை வெடவெடவென்று நடுங்க அலி தீபம் ஏற்றியதை உலகமே டி.வி.யில் பார்த்தது. 2016 ஜூன் 3-ந்தேதி அரிசோனாவில் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 74. சைக்கிள் திருட்டுப்போன அதே லூயிவில் நகரில் அடக்கம் செய்தார்கள்.