மனோன்மணீய ஆசிரியர் கற்றதும் கொண்டதும்

மனோன்மணீயம் என்னும் நாடகநூலைப் பற்றிக் கற்றாருள்ளும் சிலர் ஒரு குறை கூறுவதை யாம் கேட்டிருக்கின்றோம். அதன் கதை லிட்டன் பிரபு என்னும் ஆங்கிலப் புலவர் 1866-இல் வெளியிட்ட இரகசிய வழி என்னும் செய்யுட்கதையினின்றும் எடுக்கப்பட்டதாதலின், அஃது இரவற்பொருளேயாம் என்பர். அதனை இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் எத்தகைய காலத்தில் வாழ்ந்தார், எவற்றைக் கற்றார் என்று நோக்குவார்க்கு இக்குறை நில்லாதென்பது எமது துணிபு.

பிள்ளையவர்கள் 1855-இல் ஆலப்புழையில், பெருமாள் பிள்ளை என்னும் சைவ வணிகர்க்கும் மாடத்தி அம்மையார்க்கும் மகனாராய்த் தோன்றினார். தேவார திருவாசகங்களை இளமையிலேயே பயின்றார். தமிழ்நூல்களை நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம் கற்றார். பின்னாளில் மறைமலையடிகளுக்கும் ஆசிரியராய் விளங்கியவர் இப்பெரியாரே. திருவனந்தபுரத்தில் 1876-இல் பி.ஏ. பட்டமும், நம் மாத்தளைக்குப் புகைவண்டி வந்த 1880-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். அங்கு ஆர்வி என்னும் ஆங்கிலப் பேராசிரியர் மேனாட்டுத் தத்துவத்தில் இவரை ஆழ்த்தினார். தம் நாடகத்தை அவர்க்கே உரிமையாக்கியதும், தமக்குக் கிடைத்த நிலத்துக்கு ஆர்விபுரம் எனப் பெயரிட்டதும் பிள்ளையவர்களது நன்றியறிவுக்குச் சான்றாம்.

ஆயினும் 1877-இல் திருநெல்வேலியில் கல்விச்சாலைத் தலைவராயிருந்த காலத்தே அவர்க்கு வேறோர் ஆசிரியர் வாய்த்தார். அவர் கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகள். ஆங்கிலங் கற்றாருட் பலர் தம் முன்னோர் சமயத்தைக் கேட்கவும் நாணிய அந்நாளில், மேனாட்டுத் தத்துவம் கற்ற பட்டதாரி ஒருவர் ஒரு துறவியின் திருவடிக்கீழ் அமர்ந்தது சிறிய செயலன்று.

இவ்விரு கல்வியும் கலந்தவிடமே 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம். லிட்டன் கதையில் அரசனும் மகளும் வஞ்ச அமைச்சனும் உளர்; கனவிற் கண்ட காதலும் உண்டு. பிள்ளையவர்கள் அக்கதையைப் பாண்டிய நாட்டிற் கொணர்ந்து, சுந்தர முனிவர் என்னும் குருவை அதனுட் புகுத்தினார். சீவகன் என்னும் பாண்டியன், அமைச்சன் குடிலன் சொற்கேட்டு மதுரையை விடுத்துத் திருநெல்வேலியிற் கோட்டை கட்டுகின்றான். கற்கோட்டையை நம்பி அரசன் களித்திருக்க, முனிவர் ஒருவரும் அறியாது ஒரு சுருங்கை அகழ்கின்றார். நாஞ்சில் நாட்டை முன்னிட்டுச் சேரனோடு போர் மூள்கின்றது, பாண்டியன் தோற்கின்றான். சுருங்கையைக் கண்டுகொண்ட குடிலன் அதனைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கின்றான். ஆனால் அவ்வழியே வந்த சேரன் புருடோத்தமனே மனோன்மணி கனவிற் கண்ட காதலனாக, அவள் அவனுக்கே மாலையிடுகின்றாள். சீவகனை உயிராகவும், குடிலனை அதனை மயக்கும் மாயையாகவும், முனிவரை அருட்குருவாகவும் வைத்து நோக்கின், கதையினுள்ளே நம் சித்தாந்தம் ஓடுவது புலனாகும். லிட்டன் கதையில் இதனைத் தேடுவார் வறிதே மீள்வர்.

முனிவரின் மாணாக்கர் இருவர்பாலும் அக்காலத்தின் பெரு வினா ஒன்று பேசப்படுகின்றது. நிட்டாபரர் தம் உள்ளொடுங்கிய இன்பத்தையே நாடுவார். கருணாகரர் பிறர் துயர் தீர்க்க ஓடுவார். ஐரோப்பியர் தொண்டு செய்ய, நம் துறவிகள் கண்மூடியிருக்கின்றனரே என்று பாதிரிமார் எள்ளிய காலமன்றோ அது! பிள்ளையவர்கள் அவ்வினாவை மறைக்காது அரங்கில் நிறுத்தியதை யாம் பெரிதும் போற்றுகின்றோம்.

காலத்தின் குறைவையும் கருதவேண்டும். யாழ்ப்பாணத்துத் தாமோதரம் பிள்ளையவர்கள் கலித்தொகையையும், சாமிநாதையரவர்கள் சிந்தாமணியையும் அச்சிட்டது 1887-இல். நாடகச் செல்வம் மிக்க சிலப்பதிகாரத்தை ஐயரவர்கள் வெளியிட்டதோ 1892-இல். அஃதாவது, மனோன்மணீயம் வந்த அடுத்த ஆண்டில். தமிழில் நாடக நூல் காணாத ஒருவர் ஆங்கில நாடகத்தின் அமைப்பை மேற்கொண்டு, அதனை நம் அகவலோசையில் நடத்தியதிற் குற்றம் யாது?

கற்றதைச் சோதியாது கொள்ளுபவரல்லர் அவர். திருஞானசம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்று கால்டுவெல் எழுதியதை, நூற்சான்றுகளும் கல்வெட்டுக்களுங் கொண்டு மறுத்து, அவர் காலம் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டதன்று என ஆங்கிலத்திலேயே நாட்டினார். 1897-இல், தமது நாற்பத்திரண்டாம் வயதில், உலகை நீத்தார்.

அந்நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1970-இல் வாழ்த்துப் பாடலாக ஏற்றது. அதனைப் பாடுவாருள் நூலினுட் புகுந்தோர் சிலரே. புகவிரும்பும் நம் அன்பர்கள் சிவகாமி சரிதம் என்னும் இடைக்கதையினின்றே தொடங்கலாம். அதுவும் கோல்டுசுமித்து என்னும் ஆங்கிலப் புலவரின் கதையைத் தழுவியதே. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.