ராய் காம்பனெல்லா

வலிமை மிக்காரைக் கண்டு வியத்தல் உலகின் இயல்பு. அவ்வலிமை நீங்கிய பின்னரும் ஒருவரை மக்கள் மறவாது போற்றுவராயின், உடல் வலிமையினும் உயர்ந்ததொரு பண்பு அவரிடம் இருந்திருத்தல் வேண்டும். அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் வீரர் ராய் காம்பனெல்லா அத்தகையவர்.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டைப் போன்று மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்பெறுவது. ஒரு குழுவினர் மட்டை ஏந்துங்கால், மற்றைக் குழுவினர் ஒன்பதின்மர் களத்தில் நிற்பர். அவருள் மட்டைக்காரரின் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவரின் பணி மிக அரியது. முகத்தில் கம்பிக் கவசமும் மார்பில் காப்பும் அணிந்து, விரைந்து வரும் பந்தை ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் அவர் எதிர்கொள்வார். எப்பந்தை எறிதல் வேண்டும் என எறிபவர்க்கு விரலால் குறிப்புக் காட்டுபவரும் அவரே. களம் முழுவதையும் தம்முன் கண்டு அமர்ந்திருப்பதால், அவரைக் குழுவின் கண் எனலாம். அப்பணியிலே பெரும்புகழ் எய்தினார் காம்பனெல்லா.

அவர் 1921ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தையார் இத்தாலிய மரபினர், தாயார் கறுப்பினத்தவர். அக்காலத்தில் நாட்டின் பெருங்குழுக்களில் கறுப்பினத்தவர்க்கு இடம் இல்லை. அவர்கள் தமக்கெனத் தனிக்குழுக்கள் அமைத்து ஆடி வந்தனர். பதினைந்து வயதிலேயே காம்பனெல்லா அத்தகைய குழு ஒன்றில் சேர்ந்தார். ஊதியமோ குறைவு, ஊர் ஊராகப் பேருந்திற் செல்லுதல் வேண்டும், பல ஊர்களில் விடுதிகளின் கதவுகள் அவர்களுக்குத் திறவா. இவ்வின்னல்களுக்கு இடையே பிஸ் மெக்கி என்னும் மூத்த ஆட்டக்காரரிடம் தம் கலையின் நுட்பங்களை அவர் கற்றுத் தேர்ந்தார்.

1947ஆம் ஆண்டில் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவிற் சேர்ந்து நிறத்தடையைத் தகர்த்தார். அடுத்த ஆண்டில் காம்பனெல்லாவும் அக்குழுவில் இடம்பெற்றார். பருத்த உடலும் மலர்ந்த முகமும் உடைய அவரை மக்கள் 'காம்பி' எனச் செல்லமாக அழைத்தனர். 1951, 1953, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தம் பிரிவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் பரிசு அவர்க்கே கிடைத்தது. புரூக்ளின் குழு, நியூயார்க் யாங்கீஸ் குழுவிடம் இறுதிப் போட்டிகளில் ஐந்து முறை தோற்றிருந்தது. 1955ஆம் ஆண்டில் அதே குழுவை வென்று முதன்முறையாக உலகப் பட்டம் சூடியது. அந்நாளில் புரூக்ளின் மக்கள் எய்திய களிப்பிற்கு எல்லையில்லை.

1957ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்தபின், டாட்ஜர்ஸ் குழு மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் அங்கு ஆடும் பேறு காம்பனெல்லாவுக்கு வாய்க்கவில்லை. 1958 சனவரி 28ஆம் நாள் அவர் ஓட்டி வந்த கார், பனி உறைந்த சாலையில் வழுக்கிக் கம்பத்தில் மோதிக் கவிழ்ந்தது. அவரது கழுத்தெலும்பு முறிந்தது. தோளுக்குக் கீழ் உடல் செயலற்றது. அப்போது அவர்க்கு வயது முப்பத்தாறு. முதலில் அவர் மனங்கலங்கினார். ஆயினும் மருத்துவரின் துணையோடு நாள்தோறும் முயன்று, கைகளை ஓரளவு அசைக்கும் ஆற்றலைப் பெற்றார்.

1959 மே 7ஆம் நாள் அவரைச் சிறப்பிக்க லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டாட்ஜர்ஸ் குழுவும் யாங்கீஸ் குழுவும் ஆடின. அந்நகர்க்காக அவர் ஒருநாளும் ஆடியதில்லை. எனினும் அவரைக் காண 93,103 பேர் திரண்டனர். இடையே விளக்குகள் அணைக்கப்பட்டன. பழைய தோழர் பீ வீ ரீஸ் சக்கர நாற்காலியைத் தள்ள, காம்பனெல்லா களத்திற்கு வந்தார். அவ்விருளில் மக்கள் ஆளுக்கொரு தீக்குச்சியைக் கொளுத்தி உயர்த்தினர். எண்ணிறந்த சுடர்கள் விண்மீன்கள்போல் ஒளிர்ந்தன. அக்காட்சியைக் கண்டோர் தம் வாழ்நாள் முழுதும் அதனை மறந்திலர்.

அதன்பின்னும் அவர் சோம்பியிருக்கவில்லை. உயிரோடிருத்தல் நன்று என்னும் பொருள்படும் பெயரால் தம் வரலாற்றை நூலாக்கினார். நாற்காலியில் அமர்ந்தபடியே டாட்ஜர்ஸ் குழுவின் இளைஞர்க்குப் பந்து பிடிக்கும் முறையைக் கற்பித்தார். 1969ஆம் ஆண்டில் பேஸ்பால் புகழ்மன்றத்தில் அவர் பெயர் பொறிக்கப்பெற்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் நாற்காலியிலேயே வாழ்ந்த அவர், 1993 சூன் 26ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இனத்தின் பெயரால் மூடப்பட்ட வாயில் முன்னும், செயலற்ற உடலிலும் அவர் உள்ளம் தளர்ந்ததில்லை. வெற்றி பெற்றோரை மக்கள் கைதட்டி வரவேற்பர். இடுக்கண் உற்றபோதும் இன்முகம் மாறாதாரை நெஞ்சில் வைத்துப் போற்றுவர். அவ்விரவில் ஒளிர்ந்த சுடர்கள் உணர்த்தும் உண்மை இதுவேயாம்.