டால்ஸ்டாய் என்கிற பள்ளி ஆசிரியர்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தேன். விலை ஏறினால் தேவை ஏன் குறைகிறது என்பதை வாய்மொழியாகத் தெளிவாக விளக்கும் மாணவர், அதையே பத்து வரிகளில் எழுதச் சொன்னால் திணறுவதை ஆண்டுதோறும் கண்டேன். எழுதுவது என்றால் யாரோ தந்த குறிப்பை மனனம் செய்து தாளில் இறக்குவது என அவர்கள் எங்கோ கற்றிருந்தனர். அந்த இடம் நான்காம், ஐந்தாம் வகுப்பு என்பது என் கணிப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவம் முடிந்து, பொருள் உணர்ந்து படிக்கவும் தன் எண்ணத்தை எழுதவும் குழந்தை தொடங்கும் காலம் அது. அந்தப் பருவத்தின் சிக்கலை எனக்குப் புரியவைத்தவர் லியோ டால்ஸ்டாய்.

போரும் அமைதியும், அன்னா கரீனினா ஆகிய நாவல்களின் ஆசிரியராக அவரை உலகம் அறியும். பள்ளி ஆசிரியராக அறிந்தவர் குறைவு. 1828-இல் யாஸ்னயா போல்யானா என்னும் பண்ணையில் நிலப்பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தாயையும், எட்டு வயதில் தந்தையையும் இழந்தார். கசான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெறாமலே வெளியேறினார். கிரிமியப் போரில் செவஸ்தபோலில் பணியாற்றி, அந்த அனுபவத்தை எழுதிப் புகழ் பெற்றார். புகழ் வளர்ந்துகொண்டிருந்த வேளையில், 1859-இல், தம் பண்ணையின் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை அப்போது ஒழிக்கப்பட்டிருக்கவில்லை.

கற்பிக்கும் முறையை அறிய 1860-இல் ஐரோப்பா சென்றார். ஜெர்மானியப் பள்ளிகளில் அச்சமும் மனப்பாடமும் ஆட்சி செய்வதைக் கண்டு மனம் நொந்தார். அந்தப் பயணத்தில்தான் அண்ணன் நிக்கோலாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். 1861-இல் அவர் திரும்பியபோது அடிமை முறையை ஒழிக்கும் ஆணை வந்திருந்தது. நிலப்பிரபுக்களுக்கும் உழவர்களுக்கும் இடையிலான வழக்குகளைத் தீர்க்கும் நடுவராகவும் அவர் பொறுப்பேற்றார். விடுதலை பெற்ற உழவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். தம் நிலத்தைப் பற்றிய ஆவணத்தையே படிக்க இயலாதவர்க்கு விடுதலையின் பயன் எவ்வளவு? பொருளியல் படித்த என்னை நிறுத்தி யோசிக்க வைத்த கேள்வி இது.

அவருடைய பள்ளியில் தண்டனை இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆயினும் சிக்கல்கள் இருந்தன. பிள்ளைகள் எழுத்தறிந்த பின் புஷ்கின், கோகோல் கதைகளைப் படிக்க வைத்தார். பலிக்கவில்லை. நாட்டுப்புறக் கதைகளில் ஊறிய பிள்ளைகளுக்கு நூல்மொழி அந்நியமாக இருந்தது. அரிச்சுவடிக்கும் இலக்கியத்துக்கும் நடுவே படிப்பதற்கு ஏதுமில்லாத ஒரு வெற்றிடம் இருப்பதை அவர் உணர்ந்தார்.

எழுத்துப் பயிற்சியிலும் முதலில் தோல்விதான். எளிது என்று எண்ணி, ரொட்டியைப் பற்றி எழுதுக, மரத்தைப் பற்றி எழுதுக என்று பணித்தார். பிள்ளைகள் அழாக்குறையாக விழித்தனர். பெரியவர்க்கு எளிதாகத் தோன்றும் பொருள் குழந்தைக்கு எளிதன்று என்று அப்போது கண்டுகொண்டார். ரொட்டியைப் பற்றி யாருக்கு, எதற்காகச் சொல்ல வேண்டும்?

திருப்பம் ஒரு பழமொழியால் வந்தது. கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பால் கண்ணைக் குத்துவது பற்றிய பழமொழி அது. இரந்து வந்த முதியவருக்கு இடம் கொடுத்துவிட்டுப் பின்னர் அதைச் சொல்லிக் காட்டும் ஓர் உழவனைப் பற்றி டால்ஸ்டாய் தாமே கதை எழுதத் தொடங்கினார். மாணவர்கள் சூழ்ந்துகொண்டு அவர் எழுதியதைத் திருத்தலாயினர். குறிப்பாக, சியோம்கா, ஃபெத்கா என்று அவர் குறிப்பிடும் இரு சிறுவர்கள் கதையைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். அவர்கள் சொல்லச் சொல்ல அந்தப் பேரெழுத்தாளர் எழுத்தராக அமர்ந்து இரவு வரை எழுதினார். பின்னர் அந்தத் தாள்கள் பிள்ளைகளின் காகித விளையாட்டில் கிழிந்து அடுப்புக்குப் போயின. டால்ஸ்டாய் வருந்துவதைக் கண்ட சிறுவர்கள் இருவரும் அவர் வீட்டுக்கே வந்து கதையை மீண்டும் எழுதித் தந்தனர். எழுதக் கற்க வேண்டியவர்கள் பிள்ளைகளா, நாமா என்ற வினாவையே தலைப்பாக்கி 1862-இல் தம் கல்வி இதழில் கட்டுரை எழுதினார்.

அதே ஆண்டுக் கோடையில் அவர் ஊரில் இல்லாதபோது காவலர்கள் பண்ணையைச் சோதனையிட்டனர். குற்றமாக ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அவர் மனம் உடைந்தது. திருமணமும் பெரும் நாவலும் அவரை ஈர்க்க, பள்ளி ஓய்ந்தது.

எனினும் அந்த வெற்றிடத்தை அவர் மறக்கவில்லை. 1872-இல் வீட்டிலேயே மீண்டும் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவ்வாண்டே எழுத்து முதல் கதை வரை படிப்படியாக உயரும் அரிச்சுவடியை வெளியிட்டார். காகசஸ் கைதி என்ற புகழ்பெற்ற கதை அதற்காகவே எழுதப்பட்டது. நூலுக்குக் கடுமையான கண்டனம் எழுந்தது, விற்பனையும் மந்தம். அவர் சளைக்காமல் திருத்தி 1875-இல் புதிய அரிச்சுவடியைக் கொண்டுவந்தார். அது பரவலாக ஏற்கப்பட்டுப் பல பதிப்புகள் கண்டது.

டால்ஸ்டாயின் பள்ளி நமக்கு அப்படியே பொருந்தாது. வசதி படைத்த ஒருவரின் சில ஆண்டுச் சோதனை அது. ஐம்பது பிள்ளைகளையும் பாடத்திட்டத்தையும் ஒருசேரச் சுமக்கும் நம் ஆசிரியரின் பாரம் அவருக்கு இல்லை. ஆனால் மாணவர் முன்னிலையில் ஆசிரியர் தாமும் எழுதுவதற்கும், அவர்களைத் திருத்தவிடுவதற்கும் பணம் தேவையில்லை.

ஓய்வுக்குப் பின் அருகிலுள்ள பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்புக்கு வாரம் ஒருநாள் செல்கிறேன். மழை பற்றி எழுதச் சொன்னபோது, எல்லாத் தாளிலும் கட்டுரைநூலின் அதே நான்கு வரிகள். அடுத்த வாரம், மழையில் ஒழுகிய என் சிறுவயது வீட்டைப் பற்றிக் கரும்பலகையில் எழுதலானேன். ஒழுகும் இடத்தில் எந்தப் பாத்திரத்தை வைத்தோம் என்பதை எழுதவில்லையே என்று ஒரு சிறுமி கேட்டாள். அன்று பிள்ளைகள் எழுதிய தாள்களில் எதுவும் மற்றொன்றைப் போல் இல்லை.

டால்ஸ்டாய் 1910-இல், அஸ்தபோவோ ரயில் நிலையத்தில் மறைந்தார். ஃபெத்கா என்று அவர் குறிப்பிட்ட உழவர் வீட்டுச் சிறுவன் பிற்காலத்தில் தம் ஆசிரியரைப் பற்றிய நினைவுகளை எழுதினார். ஓர் ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறு என்ன வேண்டும்?