டாக்டர் தாலிமெரன் ஆவோ

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று பெற்றோரும், படிப்பு விளையாட்டைக் கெடுக்கும் என்று பிள்ளைகளும் கூறக் கேட்டிருக்கிறோம். இரு சாராரும் அறிய வேண்டுவது இப்பெருமகனாரின் வரலாறு.

நாகா மலையிலுள்ள சாங்கி என்னும் சிற்றூரில், ஆவோ நாகர் பழங்குடியில், 1918 சனவரி 28ஆம் நாள் தோன்றினார். தந்தையார் கிறித்தவப் போதகர். மகன் மருத்துவனாகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். அது நிறைவேறுமுன் 1935இல் அவர் மறைந்தார்.

கல்கத்தாவில் மருத்துவம் பயின்றுகொண்டே மோகன் பகான் அணியில் சேர்ந்தார். எதிரணியின் தாக்குதலைத் தடுத்து நிறுத்தும் தற்காப்பு ஆட்டத்தால் புகழ் பெற்று, அவ்வணியின் தலைவருமானார். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியாவின் கொடியை ஏந்திச் சென்றவரும், நம் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. நம்மவருள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. பிரான்சு 2–1 என வென்றது.

தோல்வியுற்றுத் திரும்பியவர் பாடநூலைக் கைவிட்டாரில்லை. 1950இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கல்கத்தாவின் கைத்தட்டலை விடுத்துத் தம் மலைக்கே மீண்டார். கோகிமா மருத்துவமனையில் பணியாற்றி, நாகாலாந்து மாநிலத்தின் சுகாதாரப் பணிகள் இயக்குநராக உயர்ந்து, 1978இல் ஓய்வு பெற்றார். 1998இல் மறைந்தார். தந்தையின் விருப்பம் நிறைவேறியது.

விக்கிரவாண்டி இளைஞர்களே! நமக்கு அடுத்த முண்டியம்பாக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி நிற்கிறது. மாலையில் பந்தை உதையுங்கள். இரவில் விளக்கடியில் அமருங்கள். பட்டம் பெற்றபின் நம் தெருவுக்குத் திரும்பி வாருங்கள்.