பைக் விபத்தில் பிழைத்த பாடகர், காருக்குள் தூங்கியபடி பலி: 33 வயதில் முடிந்த பான் ஸ்காட் வாழ்க்கை

குடிபோதையில் பைக் ஓட்டி, 3 நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார். போஸ்டர் ஒட்டி வயிறு வளர்த்தார். பிறகு உலகமே பேசும் பாடகர் ஆனார். ஆனால் 6 வருடம் கூட முழுசாக ஓடவில்லை. நிறுத்தி வைத்த காருக்குள் வைத்து அதே குடி அவர் கதையை முடித்து விட்டது.

அவர் பெயர் பான் ஸ்காட். ஆஸ்திரேலியாவின் ஏ.சி./டி.சி. என்ற ராக் இசைக்குழுவின் பாடகர்.

15 வயதில் படிப்புக்கு முழுக்கு

1946-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சொந்தப் பெயர் ரொனால்டு. 1952-ல் பிழைப்பு தேடி குடும்பம் ஆஸ்திரேலியாவுக்கு கப்பல் ஏறியது. ஸ்காட்லாந்தில் இருந்து வந்த பையன் என்பதால் பள்ளிக்கூடத்து பசங்க பான் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்து விட்டது.

குடும்பம் பிரிமேண்டில் துறைமுக நகரில் குடியேறியது. பான் 15 வயதில் படிப்பை விட்டார். பண்ணைக் கூலி, கடலில் இறால் பிடிக்கும் படகு, எடை மிஷின் மெக்கானிக்கிடம் எடுபிடி என்று கிடைத்த வேலை எல்லாம் பார்த்தார்.

சேர்க்கை சரியில்லை. பெட்ரோல் திருட்டு, போலீசிடம் பொய்ப்பெயர் கொடுத்தது, காவலில் இருந்து தப்பியது என வழக்குகள் பாய, சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் பல மாதம் இருந்தார். ராணுவத்தில் சேரப் போனார். இவன் ஒத்து வரமாட்டான் என்று அங்கேயும் கழித்து விட்டார்கள்.

வெளியே வந்து தபால்காரர் வேலை பார்த்துக் கொண்டே உள்ளூர் குழுவில் டிரம்ஸ் அடித்தார், பாடினார். அடுத்தடுத்து 2 குழுக்களில் சேர்ந்தும் பெரிதாக எதுவும் அமையவில்லை. கடைசியில் உரக் கம்பெனியில் மூட்டை ஏற்றும் வேலைக்கு வந்து நின்றார்.

3 நாள் கோமா

1974-ம் ஆண்டு மே மாதம் அடிலெய்டு நகரில் சக கலைஞர்களுடன் வாய்த்தகராறு. போதையில் பைக்கை எடுத்துக் கொண்டு பறந்தவர் விபத்தில் சிக்கினார். எலும்பு முறிந்தது, பல் போனது. 3 நாள் கோமாவில் கிடந்தார்.

உயிர் பிழைத்து வந்தவர் கையில் காசு இல்லை. பழைய நண்பர் ஒருவர் நடத்திய இசை நிகழ்ச்சி ஏஜென்சியில் போஸ்டர் ஒட்டுவது, ஆபீசுக்கு பெயிண்ட் அடிப்பது என்று காலம் ஓட்டினார். அந்த நண்பர்தான் அவரை ஏ.சி./டி.சி. பையன்களிடம் கோர்த்து விட்டார்.

தையல் மிஷின் தந்த பெயர்

அந்தக் குழுவை 1973-ல் சிட்னியில் ஆரம்பித்தவர்கள் மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற அண்ணன் தம்பி. இவர்களும் ஸ்காட்லாந்தில் இருந்து வந்த குடும்பம்தான். தையல் மிஷினில் ஏ.சி./டி.சி. என்று எழுதி இருந்ததைப் பார்த்து அக்கா மார்கரெட் சொன்ன பெயர் அது. தம்பி ஆங்கஸ் பள்ளிக்கூட யூனிபார்ம் போட்டு மேடையில் கிடார் வாசித்ததும் அக்கா யோசனைதான்.

ஆரம்பத்தில் குழு நிலையாக இல்லை. டிரம்ஸ் அடிப்பவர் மாறிக்கொண்டே இருந்தார். முதல் பாடகரும் ஒத்து வராமல் வெளியே போனார். அந்த இடத்துக்கு 1974-ல் வந்தார் பான். அவருக்கு 28 வயது. ஆங்கசுக்கு 19 தான்.

மதுக்கூடம் மதுக்கூடமாக ஏறி இறங்கினார்கள். ஆங்கசை தோளில் தூக்கி வைத்துக் கொண்டு பான் கூட்டத்துக்குள் நடப்பார். தோளில் இருந்தபடியே ஆங்கஸ் கிடார் வாசிப்பார். ரசிகர்கள் ஆர்ப்பரிப்பார்கள். பேயாட்டம் ஆடும் ஆங்கஸ் மது தொடாதவர். குடி எல்லாம் பானிடம்தான்.

1975-ல் முதல் ஆல்பம் வந்தது. 1976 பிப்ரவரியில் மெல்போர்ன் நகர ரோட்டில் லாரி மேல் நின்று பாடி படம் பிடித்தார்கள். உச்சிக்குப் போக வெகுதூரம் என்பதுதான் அந்தப் பாட்டின் கருத்து. அதே வருடம் லண்டனுக்கு குடி பெயர்ந்தார்கள். 1979-ல் வெளியான ஹைவே டு ஹெல் ஆல்பம் அமெரிக்காவில் முதல் 20 இடத்துக்குள் நுழைந்தது.

அந்தக் கடைசி ராத்திரி

1980-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி இரவு. லண்டனில் நண்பருடன் விடிய விடிய குடித்தார். திரும்பும் வழியில் காரிலேயே தூங்கி விட்டார். எழுப்பியும் எழவில்லை. போதை தெளியட்டும் என்று நண்பர் காரிலேயே விட்டு விட்டுப் போனார். மறுநாள் மாலை வந்து பார்த்தால் அசைவில்லை. ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனார்கள். உயிர் ஏற்கனவே போயிருந்தது. அளவுக்கு மீறிய மதுவே காரணம் என்று விசாரணையில் முடிவானது.

அஸ்தி பிரிமேண்டிலுக்கு வந்தது. குழு பிரையன் ஜான்சன் என்ற புதுப் பாடகரை சேர்த்துக் கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் பானுக்கு துக்கம் காட்டி, கறுப்பு அட்டையுடன் பேக் இன் பிளாக் ஆல்பத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் 2½ கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது.

ஒரு காலத்தில் வழக்கு, போலீஸ் என்று அலைந்த அதே பிரிமேண்டிலில் 2008-ல் பானுக்கு சிலை வைத்தார்கள். போஸ்டர் ஒட்டிய அந்தக் கைக்கு, ஜெயித்த காசை எண்ணிப் பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை.